மூன்றாவது சிலிண்டரின் சுவர்

ஜூன் 3, திங்கள்

ஆயில் கடைக்காரன் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத ஆரம்பிக்கிறேன். காரணம் இருக்கிறது.

நேற்று விடிகாலை நீலாம்பூர் பைபாஸில் போத்தனூர் ரெஜியிடம் தோற்றுப்போனேன். பந்தயத்தில் தோற்பது எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் அவன் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு என் பானெட்டைத் தட்டி, "வெள்ளிங்கிரிண்ணா, இது இஞ்சினா, பால் டப்பாவா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். டீக்கடைக்காரன்கூடச் சிரித்தான். டீக்கடைக்காரனுக்கு ஓர் அறை விட்டேன். ரெஜிக்கு விடவில்லை. அவனோடு ஆட்கள் அதிகம்.

கணபதியில் என்னைத் தெரியாத மெக்கானிக் கிடையாது. இந்தக் கோயமுத்தூரில் பாதி ரேஸ் வண்டிகள் என் பட்டறையில் வாயைப் பிளந்து படுத்தவை. இப்போது ஒவ்வொருத்தனாக ரெஜி பக்கம் போகிறான். விடமாட்டேன். அதே ரோட்டில் ஜூலை ஏழாம் தேதி ஞாயிறு காலை மறுபடியும் ஓடுவோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டர்போவை எவன் வேண்டுமானாலும் மாட்டலாம். காற்றைத் திணிக்கத் திணிக்க உள்ளே வெடிப்பு பெரிதாகும். அதை வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டியது பிளாக், சிலிண்டர்கள் உட்காரும் இரும்புக் கூடு. நிற்கிற பிளாக் ஒன்று கிடைத்தால் ரெஜியை ரோட்டோடு தேய்த்துவிடுவேன்.

ஜூன் 5, புதன்

கேஸ் சிலிண்டருக்குச் சொன்னேன். உக்கடம் பழைய இரும்புக் கடைக்குப் போனேன்.

புது பிளாக்கை நான் தொடமாட்டேன். ஓடி ஓடிச் சூடாகி, ஆறி, மறுபடி சூடான பழைய பிளாக்தான் வேண்டும். அந்த இரும்பு திருகவேண்டியதெல்லாம் திருகி முடித்திருக்கும், இனிமேல் அசையாது. குவியலுக்கு அடியில் ஒன்று கிடைத்தது. சுத்தியலால் தட்டினேன், கணீரென்றது. வேறு ஒருத்தன் அதற்குச் சொல்லி வைத்திருப்பதாகக் கடைக்காரன் முனகினான். சட்டையைப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்கியதும் ஞாபகம் மாறிவிட்டது.

அம்சவேணி சலவைச் சோடாத் தண்ணீரில் பிளாக்கைக் கழுவித் துடைத்து வைத்தாள். என் வீட்டுக்காரி. கல்யாணத்துக்கு முன் பம்ப் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவள். பட்டறையில் அளக்கிற வேலை எல்லாம் அவளுடையது. காலையில் என் கை கொஞ்சம் நடுங்கும். ஒரு ரவுண்டு சரக்கு உள்ளே போனால் நின்றுவிடும். ஆனாலும் மீட்டரைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் குனிந்து நிற்கப் பொறுமை வேண்டும், அது என் பரம்பரையிலேயே இல்லை. அவள் அளந்தால் அளந்ததுதான்.

ஜூன் 8, சனி

பிளாக் வார்க்கும்போது அச்சின் உள்பாகம் ஒரு நூல் நகர்ந்தால் போதும், சிலிண்டர் சுவர் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் போய்விடும். வெளியே பார்த்தால் தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் நெருப்பு, அந்தப் பக்கம் தண்ணீர். இடையில் இருப்பது அந்த இரும்பு மட்டும்தான். அதனால்தான் அல்ட்ராசோனிக் மீட்டர் வைத்துச் சுவரின் கனத்தைப் பார்ப்பது.

அம்சா நாலு சிலிண்டரையும் அளந்து சாக்பீஸால் பிளாக்கிலேயே எழுதினாள். மூன்றாவதில் நின்றுவிட்டாள்.

"ஏனுங், இந்தப் பக்கம் சொவரு நாலு மில்லிதானுங்க இருக்குது. பிஸ்டன் சாஞ்சு அமுக்கற பக்கமுங்க இது. நீங்க சொல்றாப்பல ஓட்டைய ரெண்டு மில்லி பெருசு பண்ணுனா, பக்கத்துக்கு ஒண்ணு போயி மூணுதான் நிக்கும். டர்போ அடிச்சா கிழிஞ்சுருங்க."

"இன்னொருக்கா அள."

அளந்தாள். அதே நாலு.

"நல்லாப் பாத்து அளடி."

"எத்தன தடவ அளந்தாலும் அதேதானுங்க. மீட்டர் காட்டறதத்தான சொல்ல முடியும்?"

அந்த 'தான சொல்ல முடியும்' எனக்குப் பிடிக்கவில்லை. சத்தம் போட்டேன். கை கொஞ்சம் நீண்டுவிட்டது. பின்னால் மேசையில் இரும்பு வைஸ் இருப்பதைப் பார்த்து நின்றிருக்கலாம் அவள்.

சத்தி ரோடு பல் டாக்டரிடம், படியில் விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். அந்த ஆள் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பல் போய்விட்டது, பக்கத்துப் பல் ஆடுகிறது. வரும் வழியில் அவளுக்குப் பரோட்டா வாங்கினேன். அவளால் மெல்ல முடியாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. நானே சாப்பிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

கறிக்கடையில் கூட்டம். அம்சா கஞ்சி குடித்தாள்.

ஜூன் 12, புதன்

மூன்றாவது சிலிண்டரையும் சேர்த்து உள்ளே கடைந்து ரெண்டு மில்லி போர் ஏற்றிவிட்டேன். சீவல் அழகாகச் சுருண்டு விழுந்தது. இரும்பு எனக்குத் தெரியாதா? மீட்டர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஜூன் 16, ஞாயிறு

இஞ்சினைக் கட்டி ஏற்றிச் சோதனைக்கு எடுத்துப் போனேன். சின்னியம்பாளையம் தாண்டி மிதித்தேன். வெள்ளைப் புகை. பிறகு வெறும் நீராவி. கழற்றிப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரில் மேலிருந்து கீழ்வரை கீறல், ஆயிலோடு தண்ணீர் கலந்து பால்காப்பி நிறத்தில் வழிகிறது.

அவள் சொன்ன அதே இடம். வாய் வைத்தாள், நடந்துவிட்டது. கரிநாக்கு.

வீட்டில் நடந்ததை எழுதுவதற்கு ஒன்றுமில்லை. சமையலறைக் கதவை மாற்ற வேண்டும்.

ஜூன் 17, திங்கள்

ஆசாரி வந்து கதவு மாட்டினான். பலகை எப்படி இரண்டாகப் பிளந்தது என்று கேட்டான். உன் வேலையைப் பார் என்றேன்.

ஜூன் 19, புதன்

உக்கடத்தில் இன்னொரு பிளாக் கிடைத்தது. கடைக்காரன் என்னைப் பார்த்ததுமே அவனாகவே எடுத்து வெளியில் வைத்துவிட்டான். மரியாதை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அம்சா முந்தானையை இடது காதுவரை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறாள். அந்தப் பக்கம் கொய்ங்கென்று இருக்கிறதாம், ஒன்றும் கேட்கவில்லையாம். எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. எரிச்சல்தான் வருகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவள் மாதிரி பிளாக்கைச் சுத்தம் செய்ய ஆள் கிடையாது. ஆயில் ஓடும் ஓட்டைக்குள் எல்லாம் பிரஷ் விட்டு, காற்றடித்து, டார்ச் அடித்துப் பார்த்துத்தான் விடுவாள். அவள் இல்லாமல் இந்தப் பட்டறை ஓடாது. அவள் மேல் எனக்குப் பிரியம் இல்லை என்று எவன் சொன்னாலும் பல்லைப் பேர்த்துவிடுவேன்.

ஜூன் 20, வியாழன்

உடுமலையிலிருந்து அம்சாவின் அண்ணன் துரைசாமி வந்தான். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண் அவர்களுக்குச் சொந்தமாம், விஷயம் போயிருக்கிறது. செருப்பைக் கழற்றாமலே பட்டறைக்குள் வந்தான்.

"ஏனுங் மாப்ள, எந்தங்கச்சி மொகத்தக் கண்ணுல பாத்தீங்களா நீங்க? மனுசன் அடிக்கிற அடியா இது?"

"உட்காருங்க மச்சான், டீ சொல்றேன்."

"உங்க டீ யாருக்குங்க வேணும்? அம்சா, துணிமணிய எடு கண்ணு. போலாம்."

அவள் கையைப் பிடித்து இழுத்தான். என் பட்டறையில் நின்று என் பெண்டாட்டியை இழுக்கிறான். பக்கத்தில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு கிடந்தது. ஓங்கினேன். தலைக்குத்தான் ஓங்கினேன், அவன் கையைக் குறுக்கே கொடுத்துவிட்டான். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே உட்கார்ந்து ஆடு மாதிரி கத்தினான்.

அம்சா அழவே இல்லை. துண்டைக் கிழித்து அவன் கையைக் கட்டி, ஆட்டோ வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். அவன், "நீயும் ஏறு கண்ணு" என்றான். நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்ணா. பிளாக்கு அளக்காம கெடக்குது. அத முடிச்சுக் குடுத்துட்டு வர்றனுங்க" என்றாள்.

அவளே சொன்னாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொந்தக்காரனைவிடப் புருசன் வேலை பெரிது என்று நினைக்கிறாள். பொம்பளை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஜூன் 22, சனி

இரண்டாவது பிளாக்கை அளந்தாயிற்று. ஆரம்பிப்பதற்கு முன் அம்சா கேட்டாள்: "ஏனுங், இந்த வண்டிய யாருங்க ஓட்டறது?"

"வேற எவன் ஓட்டுவான்? நாந்தான்."

"வேற யாருக்கும் குடுக்க மாட்டீங்களே?"

"என் வண்டில நாந்தாண்டி ஒக்காருவேன்."

தலையை ஆட்டிக்கொண்டாள். என் மேல் அவளுக்கு எப்போதுமே அக்கறை உண்டு. வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள்.

கிரீஸ் தடவி மீட்டரை வைத்து ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்தாள். மூன்றாவதில் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். அந்தப் பக்கம், இந்தப் பக்கம், மேலே, நடுவில். நான் பின்னால் நின்றேன். சாக்பீஸை எடுத்து எழுதினாள்: அஞ்சரை.

"சுத்தியும் ஒரே மாதிரி இருக்குதுங்க. நல்ல பிளாக்கு."

"மூணு மில்லி போர் ஏத்தலாமா?"

"நீங்க சொன்னாச் சரிதானுங்க."

பார்த்தாயா, ஒழுங்காகப் பார்த்தால் ஒழுங்கான நம்பர் வருகிறது. போன தடவை என்ன கோளாறோ, மீட்டரிலா, அவள் மனதிலா, தெரியாது. சந்தோஷத்தில் பூ மார்க்கெட் வரைக்கும் போய் மல்லிகையும் கனகாம்பரமும் வாங்கி வந்து என் கையாலேயே வைத்துவிட்டேன். காதில் பட்டுவிட்டது போல, முகத்தைச் சுளித்தாள். பிறகு சிரித்தாள். பல் போன இடம் தெரிந்தது.

ஜூன் 25, செவ்வாய்

போர் ஏற்றி முடித்தேன். ஏற்றிய பிறகு மறுபடி அளக்கச் சொன்னேன், நான் ஒன்றும் முட்டாள் இல்லை.

"நாலு நிக்குதுங்க" என்றாள்.

கணக்கு சரியாக வருகிறது. நாலு இருந்தால் நான் நினைக்கிற காற்றை முழுசாகத் திறக்கலாம். தண்ணீர் மோட்டார் ரிப்பேர், ஆள் வரவில்லை.

ஜூன் 28, வெள்ளி

கிராங்க் தண்டு அதனிடத்தில் சரியாக உட்கார்ந்துவிட்டது. மெயின் பேரிங் மூடிகளுக்குத் தடித்த ஸ்டட் போட்டேன்.

சாயங்காலம் அவிநாசி ரோடு பெட்ரோல் பங்கில் ரெஜியின் கூட்டாளி ஒருவன், "அண்ணா, டப்பா ரெடியா?" என்றான். ஹெல்மெட்டைக் கழற்றி அதனாலேயே போட்டேன். விழுந்த பிறகும் போட்டேன். மூக்கு ஒரு பக்கமாகப் போய்விட்டது. பங்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்து பசியாக இருந்தது. எட்டுத் தோசை சாப்பிட்டேன். சட்டையில் ரத்தக் கறை, அம்சா உப்புத் தண்ணீரில் ஊற வைத்தாள்.

ஜூலை 2, செவ்வாய்

இஞ்சின் ஏறியது. முதல் சாவிக்கே பிடித்தது. காற்றைக் கால்வாசி மட்டும் திறந்து சூலூர் வரை போய்வந்தேன். சூடு ஏறவில்லை, சத்தம் சுத்தம். முழுசையும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன். முன்னாலேயே திறந்து காட்டினால் எவனாவது போய் ரெஜியிடம் ஓதுவான்.

ஜூலை 6, சனி

எண்ணெய்க் குளியல். அம்சா நல்லெண்ணெயை மிளகு போட்டுக் காய்ச்சி, உச்சியிலிருந்து முதுகுவரைக்கும் அவளே தேய்த்துவிட்டாள். ரொம்ப நாளாகிவிட்டது இப்படி. சுகமாக இருந்தது. சீயக்காயும் அவளே தேய்த்தாள்.

டயர் கடை சின்னராசு நாளைக்கு என்னோடு வண்டியில் உட்கார்ந்து வர ஆசைப்படுகிறான், செல்போனில் படம் பிடிப்பானாம் என்று சொன்னேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"வேண்டாமுங்க. அவரு எடை எம்பது இருக்குமுங்க. வண்டி இழுக்காது."

அவள் சொன்னது சரி. சின்னராசுவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீயாவது ரோட்டோரம் நின்று பாரேன் என்றேன். அந்தச் சத்தம் காதுக்கு ஆகாதாம், உடுமலைக்குப் போய் அண்ணன் கையைப் பார்த்துவிட்டு வருகிறாளாம். போகட்டும். ஜெயித்தவனுக்கு இதற்கெல்லாம் கோபப்பட நேரம் கிடையாது.

ஜூலை 7, ஞாயிறு

கிளம்புகிறேன். ரெஜி இன்றைக்குச் செத்தான்.

ஜூலை 15, திங்கள்

ஆஸ்பத்திரி. இன்றைக்குத்தான் பேனா பிடிக்க வந்தது. அம்சா உடுமலையிலிருந்து வந்து கூடவே இருக்கிறாள்.

மூன்றாவது கியரில் ரெஜியைத் தாண்டிவிட்டேன். இதை முதலில் எழுதி வைக்கிறேன். அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன், வாயைப் பிளந்திருந்தான். அப்போதுதான் காற்றை முழுசாகத் திறந்தேன். ஒரு நொடி வண்டி தரையிலேயே இல்லை. அடுத்த நொடி பாறைக்கு வேட்டு வைத்த மாதிரி ஒரு சத்தம். பிளாக்கின் விலாவைக் கிழித்துக்கொண்டு ராடு வெளியே வந்தது. சூடான ஆயில் பின் டயருக்கு அடியில் கொட்டியது. வண்டி திரும்பி, உருண்டு, ரோட்டின் நடுக்கட்டையில் அடித்து, மறுபடி உருண்டு கவிழ்ந்தது. பானெட்டில் நெருப்பு. பெல்ட் கழலவில்லை. நான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கத்தினேன். அம்சா பெயரைத்தான் கத்தினேனாம், பிறகு சொன்னார்கள்.

என்னை இழுத்துப்போட்டவன் ரெஜி. அவன் முழங்கைவரை வெந்துபோயிருக்கிறதாம். யார் கேட்டார்கள் இவனை?

இடுப்புக்குக் கீழே மரத்த மாதிரி இருக்கிறது. மருந்தின் வேலையாக இருக்கும்.

ஜூலை 17, புதன்

நேற்று காலை சாப்பாடு உப்பில்லாமல் இருந்ததால் தட்டை விட்டெறிந்தேன். நர்ஸ் நெற்றியில் பட்டுத் தையல் போட்டார்களாம். அதிலிருந்து டாக்டர் என்னிடம் பேசுவதில்லை. எதுவானாலும் அம்சாவை வராண்டாவுக்குக் கூப்பிட்டுச் சொல்கிறார்.

மத்தியானம் ரெஜி வந்தான். கையெல்லாம் கட்டு. ஒரு பையிலிருந்து உடைந்த இரும்புத் துண்டை எடுத்து என் நெஞ்சின் மேல் வைத்தான். என் பிளாக். மூன்றாவது சிலிண்டரின் சுவர்.

"அண்ணா, உங்க மேல எனக்கு எந்தக் கோவமும் கெடையாது. ஆனா இதப் பாருங்க. ரெண்டு மில்லிக்குக் கொஞ்சம் மேல இருக்குது, அவ்வளவுதான். இத வெச்சா அத்தன காத்த அடிச்சீங்க? பிளாக்க அளக்கவே இல்லீங்களாண்ணா?"

அவன் போனதும் தலையைத் திருப்பினேன். அம்சா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாலுன்னு சொன்னியேடி."

"ஆமாங்க."

"மீட்டர்ல என்னடி காட்டுச்சு?"

"ரெண்டேகாலுங்க." சுளையில் ஒட்டியிருந்த நாரை எடுத்தாள். "போர் ஏத்தறதுக்கு மின்னாடி மூணேமுக்காலு. மொத பிளாக்கவிட மோசமுங்க அது."

"பின்ன ஏண்டி சொல்லல?"

"மொத பிளாக்குக்கு உள்ளதச் சொன்னனுங்க. பல்லு போச்சு. சொன்னாப்பலயே அது ஒடஞ்சுது, அதுக்குக் காது போச்சு. ரெண்டாவதுக்கு, உங்க காதுக்கு என்ன புடிக்குமோ அதச் சொன்னனுங்க. அன்னைக்குப் பூ வாங்கி வெச்சு உட்டீங்க."

கையை ஓங்கினேன். ஊசி கழன்று படுக்கையெல்லாம் ரத்தம். அவள் நகரவில்லை. என் கை எதுவரைக்கும் வரும் என்று பார்த்துத்தான் நாற்காலியைப் போட்டிருக்கிறாள். பஞ்சை எடுத்து என் கையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, நர்ஸைக் கூப்பிட்டாள்.

ஜூலை 18, வியாழன்

போர்வைக்குள் கையை விட்டுத் தொடையைக் கிள்ளினேன். நகம் பதியக் கிள்ளினேன். யாரோ ஒருத்தனின் தொடையைக் கிள்ளுகிற மாதிரிதான் இருந்தது.

டாக்டர் காலையில் வந்து எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அம்சாவை வெளியே கூப்பிட்டார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் பேசினார். அவள் கேட்கிற காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். ஒரு தடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

உள்ளே வந்து தலையணையைச் சரி செய்தாள். போர்வையைக் கால்வரைக்கும் இழுத்துவிட்டாள்.

"என் காலப் பத்தி என்னடி சொன்னாரு?"

"ரெண்டு மாசத்துல எந்திரிச்சு நடந்துருவீங்கன்னு சொன்னாருங்க" என்றாள்.